வெள்ளத்தாய் என்ற பெயர்

வத்திராயிருப்பு,
21-6-87

அன்புள்ள வஞ்சுளா,

கர்த்தருடைய கிருபையில் நான் சுகம். உன் மாமியாருக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

ராஜபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் இத்தனை வருசம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவளை ஓடைக்கரைப்பட்டிக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். வத்திராயிருப்பில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கான்சாபுரம் பஸ்ஸில் பாதியில் இறங்கி வரப்பு வழியாக நடக்க வேண்டும். ஒற்றை ஆசிரியர் பள்ளி. பாடம் எடுப்பவளும் நான்தான், மணியடிப்பவளும் நான்தான்.

நீ புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது உன்னை மிரட்டி அழ வைத்தவள் நான். இன்று நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர்களுக்கு மாதக் கூட்டம் நடத்துகிறாய், நான் உன்னிடம் யோசனை கேட்கிறேன். கேட்பதில் எனக்கு வெட்கமில்லை. "கம்பை ராஜபாளையத்திலேயே விட்டுட்டுப் போங்கோ அக்கா" என்றாயே, விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆனால் கம்பு இல்லாமலே இங்கே பிள்ளைகள் பயந்துபோய்க் கிடக்கிறார்கள். பாதிப் பேர் வருவதே இல்லை. வருகிறவர்களும் ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு ஒரே மூலையில் ஆட்டுக்குட்டிகள் மாதிரி ஒட்டி உட்காருகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அது சீனித்தாய் எடம் டீச்சர்" என்கிறார்கள்.

போன ஐப்பசியில் மலையில் மழை பெய்து, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் திடீரென்று தண்ணீர் வந்திருக்கிறது. பள்ளி விட்டுப் போன பிள்ளைகளில் சீனித்தாய் மட்டும் தண்ணீரோடு போய்விட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு போன சிநேகிதி கரையேறிவிட்டாள். அந்தச் சிநேகிதியின் பெயர் வெள்ளத்தாய். பாட்டி பெயரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? "பேர்லயே வெள்ளத்தை வச்சிருக்கா, அவதான் கூட்டிட்டு வந்தா" என்று பேசிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை. முன்பிருந்த வாத்தியார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்று. செத்த பிள்ளையின் தாய் பாலம்மாள் தினமும் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள். அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் கரும்பலகையில் எழுதும்போது என் முதுகு கூசுகிறது.

என்ன செய்யட்டும்?

உன்
பாக்கியம் அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29-6-87

அன்புள்ள அக்காவுக்கு,

வஞ்சுளவல்லியின் நமஸ்காரம். மாமியாருக்கு வலி குறைந்திருக்கிறது. ஆடிப்பூரத் தேருக்கு நீங்கள் வரவேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது பாடம் இரண்டாம் பட்சம். பயத்தைப் பேசவிடுங்கள். "பேயும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று அடக்காதீர்கள். சீனித்தாய்க்கு என்ன பாட்டுப் பிடிக்கும், என்ன சேட்டை செய்வாள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல அந்த மூலையிலிருந்து நகர்ந்து வருவார்கள். நீங்களும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்காருங்கள்.

பாலம்மாளை வெளியே நிறுத்தாதீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். ஏதாவது ஒரு வேலை கொடுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வரைதான் அவள் பிள்ளைகளுக்குப் பயம்.

மாதக் கூட்டத்தில் உங்கள் பள்ளியைப் பற்றிப் பேசலாமா? ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்
வஞ்சுளா


வத்திராயிருப்பு,
6-9-87

அன்புள்ள வஞ்சுளா,

தேருக்கு வராததற்கு உன் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். எனக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது.

நீ சொன்னது எல்லாம் பலித்தது. தரையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கத்தான் இரண்டு பிள்ளைகள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சீனித்தாய் கொடுக்காப்புளி பறிக்க மரமேறி மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். வராத பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள். பாலம்மாளையும் உள்ளே அழைத்தேன். மத்தியானச் சோறு போடுவதற்கு ஆயாவுக்கு ஒத்தாசை செய்தாள். சின்னப் பெண்களுக்குத் தலை வாரிவிட்டாள். நான் உனக்குச் சந்தோசமாக எழுதத்தான் பேனாவை எடுத்திருக்க வேண்டும்.

ஆனால் போன வாரம் பாலம்மாள் வெள்ளத்தாயை மடியில் இருத்திச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிக்கொண்டே, "ஏட்டி சீனி, அசையாம இருட்டி" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். எத்தனையோ மாசமாக வாய் திறக்காத அந்தப் பிள்ளை சொன்னது: "இறுக்கிப் பின்னாதம்மா."

குரல் சீனித்தாயின் குரல் என்று பிள்ளைகள் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு அவள் குரலும் தெரியாது, இவள் குரலும் தெரியாது.

அன்று முதல் வெள்ளத்தாய் என்று கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. சீனி என்றால் ஓடி வருகிறாள். ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நன்றாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். அதுதான் பயமாக இருக்கிறது.

பாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14-9-87

அன்புள்ள அக்காவுக்கு,

பதற வேண்டாம். குழந்தை பேசுகிறாளே, அதுவே பெரிய விஷயம். இப்போது அவசரப்பட்டு அந்தப் பெயரைப் பிடுங்கினால் மறுபடி வாயடைத்துப் போவாள். இது ஒரு கட்டம், தானே கடந்துவிடும். பாலம்மாளும் தேறிவருகிறாள் என்றுதான் தோன்றுகிறது. பொறுமையாக விடுங்கள்.

மாதக் கூட்டத்தில் சொன்னேன். பல ஆசிரியர்கள் கண் கலங்கினார்கள்.

வஞ்சுளா


வத்திராயிருப்பு,
27-9-87

வஞ்சுளா,

ஆசிரியர்கள் கண் கலங்கியது இருக்கட்டும். வெள்ளத்தாயின் தகப்பன் குருசாமி பள்ளி வாசலில் வந்து நின்று அழுதான், அதைச் சொல்கிறேன் கேள்.

"டீச்சர், எம் மவ ராத்திரி சோத்துக்கு வீட்டுக்கு வரமாட்டேங்கா. பாலம்மா வீட்டுலதான் சாப்பிடுதா. என்னையப் பாத்து 'மாமா'ங்கா. எம் மவ எங்க டீச்சர் போனா? நீங்கதான பாலம்மாவக் கூப்பிட்டு உள்ள விட்டீய?"

பேயோட்டும் கோடாங்கியைக் கூப்பிட்டு வேப்பிலை அடிக்கப் போகிறார்கள். ஐப்பசியில் சீனித்தாய்க்கு முதல் வருசத் தலைத்திவசம் வருகிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார்கள். பாலம்மாளோ திவசமே கிடையாது என்கிறாள். "எம் மவதான் பள்ளிக்கூடத்துல படிக்காளே, யாருக்குத் தெவசம்?" என்று என்னையே கேட்கிறாள்.

ஒரு பிள்ளை செத்த பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கட்டம் என்று எழுதுகிறாய். நான் அடித்து வளர்த்த பிள்ளைகளாவது அவரவர் பெயரோடு வீட்டுக்குப் போனார்கள்.

காகிதத்தில் வேண்டாம். நேரில் வா.

பாக்கியம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12-10-87

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களிடம் அங்கே சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் தண்ணீர் எடுக்கப் போனபோது அந்தக் குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ யாரும்மா?" என்று கேட்டேன். "சீனித்தாய்" என்றாள். "அப்போ வெள்ளத்தாய் எங்கே?" என்றேன். ரொம்ப சாதாரணமாக, "அவளை ஓடை கொண்டுபோயிருச்சு" என்றாள்.

அக்கா, நான் கூட்டத்தில் எத்தனையோ பேசுகிறேன். அங்கே அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாலம்மாளை உள்ளே விடச் சொன்னவள் நான். அவளுடைய துக்கத்தை ஒரு குழந்தை சுமக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நீங்கள் கோபப்பட்டது நியாயம்.

இனி என்ன செய்வது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் வழியெல்லாம் மனசில் ஓடியது. அன்றைக்கு ஓடையில் என்ன நடந்தது என்று ஊரே பேசுகிறது. அவளிடம் யாராவது கேட்டார்களா? நாம் கேட்டோமா?

கோடாங்கியை மட்டும் தடுத்துவிடுங்கள்.

உங்கள்
வஞ்சுளா


வத்திராயிருப்பு,
1-11-87

அன்புள்ள வஞ்சுளா,

குருசாமியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "திவசம் வரைக்கும் கோடாங்கி வேண்டாம், எனக்காக" என்றேன். ஒத்துக்கொண்டான்.

வெள்ளத்தாயிடம் கேட்கத் தினமும் வாயெடுப்பேன், தைரியம் வராது. கடைசியில் வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நான் யாரையும் வீட்டுக்கு விடவில்லை. எல்லாரும் ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாலம்மாள் வழக்கம்போல அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு ரொம்பப் பயமா இருந்துச்சா தாயி?" என்று மட்டும் கேட்டேன். பெயர் சொல்லவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பாமலே பேசினாள். "அத்தே" என்றாள். அம்மா என்று சொல்லவில்லை, வஞ்சுளா. பாலம்மாளின் கை நின்றுவிட்டது.

"அத்தே, அவ என் கையை இறுக்கிப் பிடிச்சா. வலிச்சுச்சு. நாந்தான் விட்டுட்டேன்."

வெளியே மழைச் சத்தம். பாலம்மாள் எழுந்து அடிப்பாள், அல்லது அலறுவாள், நடுவில் விழ வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அந்தச் சின்னக் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ தழும்பு தேடுகிறவள் மாதிரி.

"எம்புட்டு வலிச்சுச்சு?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"அவளுக்குப் பிடி அப்பிடித்தான். எங் கையையும் அப்பிடித்தான் பிடிப்பா." அப்புறம் மறுபடி சடையைக் கையில் எடுத்து, "தலையை ஆட்டாத வெள்ளத்தாயி. சடை கோணிரும்" என்றாள்.

அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதது. ஒரு வருசத்து அழுகை. பாலம்மாள் பின்னி முடிக்கும் வரை அழுதாள். மழை விட்டதும் குருசாமி வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் பாலம்மாள் திவசத்துக்கு அரிசி ஊறப்போட்டதாகச் சொன்னார்கள். இனிப் பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டாளாம். கூமாப்பட்டியில் தம்பி வீட்டோடு போய் இருக்கப்போகிறாள்.

நாம் செய்தது சரிதானா?

உன்
பாக்கியம் அக்கா


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10-11-87

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமியார், "என்னடி லெட்டரில்?" என்று கேட்டார். லெட்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சரிதானா என்று கேட்கிறீர்கள். வெள்ளத்தாய்க்குச் சரி. பாலம்மாளுக்கு என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் மிச்சமிருந்ததையும் அவளே கொடுத்துவிட்டாள்.

கூட்டத்தில் இதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதுவதை நிறுத்தாதீர்கள்.

வஞ்சுளா


வத்திராயிருப்பு,
13-11-88

அன்புள்ள வஞ்சுளா,

நீ மாதக் கூட்டத்தை விட்டுவிட்டு மறுபடி பள்ளிக்கூட வேலைக்கே போவதாக எழுதியது சந்தோசம். முதல் நாளே தரையில் உட்கார்ந்துவிடாதே. சேலை அழுக்காகும், பிள்ளைகள் சிரிக்கும். இரண்டாம் நாள் உட்கார்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஜன்னல் ஓரத்தில் இப்போது யார் வேண்டுமானாலும் உட்காருகிறார்கள், இடத்துக்குச் சண்டைகூட நடக்கிறது. வெள்ளத்தாய் கணக்கில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. மலைப்பக்கம் கறுத்தால் தண்ணீர் வடியும் வரை யாரையும் அனுப்புவதில்லை. குருசாமியும் இரண்டு ஆட்களும் ஓடையில் வடக்கயிறு கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.

புதன்கிழமை நல்ல மழை. சாயங்காலம் கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், அங்கே பாலம்மாள் நனைந்துகொண்டு நிற்கிறாள். கூமாப்பட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். இந்த ஐப்பசியில் மழைக்கு மழை வருகிறாளாம், இதுவரை நான் கரை வரைக்கும் போகாததால் எனக்குத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி, கையைப் பிடித்து அக்கரை ஏற்றினாள். வெள்ளத்தாயையும்தான். "பிடியை விடாதட்டி, வலிச்சாலும் பிடிச்சுக்க" என்றாள். அவளும் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பிள்ளையும் ஏறியது. பாலம்மாள் இந்தக் கரைக்குத் திரும்பி வந்து நின்றாள். பாலம்மாள் இந்தக் கரைக்குத் திரும்பி வந்து நின்றாள்.

"எல்லாரும் ஏறியாச்சு பாலம்மா, வா போவோம்" என்றேன்.

அவள் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்க போங்க டீச்சர். நான் செத்த நேரம் நின்னுட்டு வாரேன்" என்றாள்.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டு உனக்கு எழுதவில்லை, வஞ்சுளா. குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். அவ்வளவுதான்.

உன்
பாக்கியம் அக்கா