பஸ்ஸைக் கடலில் இறக்கிய வழக்கில் என்னை மீண்டும் முதல் எதிரியாகச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மு. கா. சதக்கத்துல்லா, பி.காம்.,
பள்ளிவாசல் தெரு, சங்குவாடிப்பட்டினம்,
இராமநாதபுரம் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு கலெக்டர் அவர்கள்,
இராமநாதபுரம் ஜில்லா,
மதுரை.

பொருள்: புது பஸ் கடலில் இறங்கிய வழக்கு – முதல் எதிரியாக இருந்த என் பெயரைக் கிராம முன்சீப் இரக்கப்பட்டு நீக்கியது – திரும்பச் சேர்த்து அத்தாட்சி நகல் வழங்க வேண்டுதல்.

கண்ணியமிக்க ஐயா,

1. நான் பி.காம். மூன்றாம் வகுப்பில் தேறியவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என்னைப் பற்றி யார் பேசினாலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

2. சென்னையில் இவ்வாண்டு புதிதாக ஒரு வர்த்தக நிர்வாகக் கல்லூரி திறக்கிறார்கள். கம்பெனிகளை நடத்தும் வித்தையை அங்கே கற்றுத்தருவார்களாம். அதில் சேர முதல் இரண்டு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கும் கருணையோடு ஒரு விதி வைத்திருக்கிறார்கள். "ஒரு பெரும் பணியைத் திட்டமிட்டு, ஆட்களைத் திரட்டி, முன்னின்று நடத்தியவர் என்பதற்கு அரசாங்க அத்தாட்சி இணைத்தால் பரிசீலிக்கப்படும்" என்பது அந்த விதி. விண்ணப்பம் இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் என் அக்காள் கணவர் அப்துல் குத்தூஸ் மச்சானின் பினாங்குக் கடைக்கு என்னை அனுப்புவதாக வாப்பா முடிவு செய்துவிட்டார். அங்கே எனக்கு வெங்காயத்தைத் தரம் பிரிக்கும் வேலை. மச்சான் நல்லவர்தான். ஆனால் என்னை இன்றுவரை "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

3. எனவே ஊர் நன்மைக்காக ஒரு பெரும் பணி தேடினேன். எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. மெயின் ரோட்டு விலக்கில் இறங்கி மணலில் கால் புதைய நடந்துதான் வரவேண்டும். நானே மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினேன். மனுவைத் தள்ளினால் ஊர்வலம், அதற்கும் மசியாவிட்டால் உண்ணாவிரதம் என்று நீண்ட திட்டம் தீட்டி, உண்ணாவிரதத்துக்குப் பந்தல்கூடப் பேசி வைத்திருந்தேன். மனு போன சூட்டோடு பஸ் வந்துவிட்டது. அதிகாரிகள் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தால் போராட நினைக்கும் ஓர் இளைஞன் என்னதான் செய்வான்? இதைப் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் புகார் வேறு.

4. எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே தெரிவிக்க வேண்டியிருக்கிறது. புதுத் தோணி கட்டி முடித்தால், பாத்திஹா ஓதி, சீனி வழங்கி, ஆண்கள் அத்தனை பேரும் தோள் கொடுத்துத் தள்ளித்தான் கடலில் இறக்குவோம். ஊர் தள்ளாத தோணியில் பரக்கத், அதாவது இறைவனின் அருள், இருக்காது என்பது நம்பிக்கை. தோணியைத் தவிர வேறு வாகனம் எதையும் எங்கள் ஊர் இதுவரை வரவேற்றதில்லை என்பதால், பஸ்ஸுக்கும் பாத்திஹா ஓதினோம், சீனி கொடுத்தோம். பஸ் நின்றது பள்ளிவாசல் மேட்டில். அங்கிருந்து தெரு நேராகத் தோணி இறக்கும் கரைக்குச் சரிகிறது. டிரைவர் சின்னக்கருப்பன் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். எங்கள் வழக்கத்தைச் சொல்லி அனுமதி கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "பிரேக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கு. எம்புட்டு வேணும்னாலும் தள்ளுங்கய்யா." சொல்லிவிட்டு அவர் சர்பத் குடிக்கப் போய்விட்டார். தோணி தள்ளிப் பழகிய தோள்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

5. அப்போது பள்ளிவாசல் படியில் ஏறி நின்று "ஏலேலோ" என்று குரல் கொடுத்தவன் நானே. தோணி இறக்கும்போது குரல் கொடுப்பவன் வாய் திறந்தால்தான் எல்லாத் தோளும் ஒன்றாகச் சாயும். என் முதல் குரலுக்கு பஸ் அசையவில்லை. அடுத்ததற்கு பிரேக் முனகியது. அதற்கடுத்த குரலுக்குப் பிறகு குரல் தேவைப்படவில்லை. பஸ் தானாகவே தெருவில் இறங்கி, கயிற்றுக்கடை பாக்கர் காக்கா வெளியே அடுக்கியிருந்த கயிற்றுச் சுருள்களை இழுத்துக்கொண்டு, விளக்குகள் முங்கும் அளவுக்குக் கடலில் போய் நின்றது. அல்லாஹ் கிருபையால் யாருக்கும் காயமில்லை. பஸ்ஸுக்குள் இருந்தவர் கடலாடியைச் சேர்ந்த ராக்கு என்னும் அம்மாள் மட்டுமே. அவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். கண் விழித்து, நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "ஏய்யா, ராமேசுரம் வந்திருச்சா?" என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்து எங்களில் யாருக்கும் இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை.

6. பஸ்ஸைத் திரும்பக் கரையேற்றியவையும் அதே தோள்கள், அதே குரல்தான். தோணி வடத்தைக் கட்டி, ஆட்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, சாயங்கால அஸர் தொழுகைக்கு முன்பே மேலே கொண்டுவந்தோம். ஐயா, என்னைக் கண்டால் சிரிக்கிறவர்கள் எல்லாம் அன்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னபோது இழுத்தார்கள், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார்கள். அந்தச் சந்தோஷத்தை மனுவில் எழுதும் விதம் எனக்குத் தெரியவில்லை.

7. மறுநாள் வந்த சப்-இன்ஸ்பெக்டர், குற்றம் சாட்டப்பட்டவர்களில் என்னை முதல் எதிரியாகப் பதிவு செய்தார். "சம்பவத்தைத் திட்டமிட்டு, ஆட்களைத் திரட்டி, முன்னின்று நடத்தியவர்" என்று எழுதினார். கல்லூரியின் விதியையே பார்த்து எழுதியது போல் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'முதல்' என்ற சொல்லை நான் பார்த்தது என் வாழ்நாளில் அன்றுதான். ஆனந்தத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தவறாக நினைத்துக்கொண்டு என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

8. இந்த நிலையில்தான் எங்கள் கிராம முன்சீப் திரு. கூத்தையா தமது அறிக்கையில் என் பெயரை அடித்துவிட்டார். "மேற்படியார் சம்பவ இடத்தில் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தியதற்கும் பஸ் நகர்ந்ததற்கும் சம்பந்தமில்லை. அவர் சொல்லி யாரும் எதையும் செய்யும் வழக்கம் இவ்வூரில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். நேரில் போய் முறையிட்டேன். "தம்பி, படிச்ச புள்ள கோர்ட்டு வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான் அடிச்சேன். சத்தம் போடாம வீட்டுக்குப் போ" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். அந்தத் தட்டு முதுகில் இன்னும் வலிக்கிறது.

9. இதற்கு அவர் காட்டும் சாட்சி என்னைப் பெற்ற உம்மா. உம்மு ஹபீபா ஆகிய அவர், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, "இவன் சொல்லி எங்க வீட்டுக் கோழிகூடக் கூட்டுக்குள்ள போவாது" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். பெற்ற பாசத்தில் சொன்னது என்று தெரியும். பரீட்சை முடிவு வந்த அன்றுகூட நான் இப்படி அழவில்லை. வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். கோழி இல்லாத இடத்திலாவது அது என் சொல் கேட்கும் என்று பொய் சொல்லலாம், அதை முற்றத்தில் எதிரே வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று மறுத்துவிட்டார்.

10. எனக்குப் பதிலாக முதல் எதிரி ஆக்கப்பட்டிருப்பவர் பாக்கர் காக்கா. அவருடைய கயிறு பஸ்ஸோடு போனது என்பதுதான் அவர் செய்த குற்றம். எந்தக் கல்லூரியிலும் சேரும் உத்தேசம் இல்லாதவர். "எனக்கு எதுக்குத் தம்பி இது, நீயே எடுத்துக்க" என்று மனப்பூர்வமாகச் சம்மதித்திருக்கிறார். முன்சீப்தான் விடமாட்டேன் என்கிறார்.

11. ஆகவே கலெக்டர் அவர்கள் தயைகூர்ந்து முன்சீப்பின் அறிக்கையைத் தள்ளி, என்னை முதல் எதிரியாக மறுபடி சேர்த்து, சப்-இன்ஸ்பெக்டரின் வாசகங்கள் ஓர் எழுத்தும் குறையாமல் அத்தாட்சி நகல் கிடைக்க உத்தரவிட வேண்டுகிறேன். தண்டனை எதுவானாலும் படிப்பு முடிந்ததும் வந்து அனுபவித்துக்கொள்கிறேன். என் திறமையில் சந்தேகம் இருந்தால் தாங்கள் நேரில் வந்து, தங்கள் ஜீப்பைப் பள்ளிவாசல் மேட்டில் நிறுத்தினால் போதும். நிரூபிக்கச் சித்தமாக இருக்கிறேன்.

12. முதல் இடம் தரச் சட்டத்தில் வழியில்லையென்றால் இரண்டாம் எதிரியாகவாவது சேர்க்கும்படி மன்றாடுகிறேன். மூன்றாவது மட்டும் வேண்டாம், ஐயா. அது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இடம்: சங்குவாடிப்பட்டினம்
தேதி: 11-6-1963

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, ஊரை விட்டு எங்கும் ஓடாமல் காத்திருக்கும்,
மு. கா. சதக்கத்துல்லா, பி.காம்.
(நீக்கப்பட்ட முதல் எதிரி)