இரண்டாவதாக வந்த சித்தப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். உன்னிடம் போனில் பேசினால் அது எங்கே போய் ஒலிக்குமோ என்ற பயம்தான். கோபம் வந்தால் வரட்டும், கடைசிவரை படி.

உங்கள் "நம்பிட்டாரு!" நிகழ்ச்சியில், ஒளித்து வைத்த கேமரா முன்னால் ஏமாந்து, அப்பா வந்ததிலிருந்து கடையில் கூட்டம். ரிப்பேருக்கு என்று நினைத்துவிடாதே. ஒருவர் நன்றாக ஓடுகிற டிவியையே தூக்கிக்கொண்டு வந்தார். பின்பக்கம் கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லையே என்றேன். தெரியும், சாரோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னுதான் வந்தேன் என்றார். மருந்துக்கடைக்காரர் முதலில் அழுதாராம், டிவியில் சிரிப்புச் சத்தம் வந்ததும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாராம். அதைச் சொல்லி என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார். மாடி வீட்டம்மா தான் சிரிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். அன்றைக்கு அவள் சிரித்ததில் எங்கள் ஃபேன் ஆடியது எனக்கல்லவா தெரியும்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையைத் தாண்டும்போது "நம்பிட்டாரு!" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். அப்பா தலை நிமிர்வதில்லை. ரிப்பேர் முடிந்த டிவியைக்கூட இப்போது சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் சோதிக்கிறார். நீங்கள் பரிசாகக் கொடுத்த பெரிய டிவி பிரிக்காமல் மூலையில் நிற்கிறது. டிவி மெக்கானிக்குக்கு டிவியைப் பரிசு கொடுத்த அந்த அறிவாளி யார் என்று விசாரித்துச் சொல்.

அப்பா எதை நம்பினார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரு தடவை கேள். பதினைந்து வயதில் வீட்டை விட்டுப் போன தன் தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று நம்பினார். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் பார்க்கத் தம்பியை அறைந்த கதையை, தம்பியின் புருவத்துத் தழும்பை, அவரைத் தான் கூப்பிட்ட செல்லப் பெயரை நம் இரண்டு பேரிடம் மட்டும்தான் அப்பா சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் நீ, சித்தப்பாவாக நடிக்க வந்த நடிகரிடம் ஒப்பித்துவிட்டாய். அந்த நடிகரை அப்பா தன் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். அவரைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, "அடிடா, திருப்பி அடிச்சுடு, எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றாரே, அங்கேதான் சிரிப்புச் சத்தத்தைச் சேர்த்தீர்கள். அந்தத் துண்டுதான் எல்லார் போனிலும் சுற்றுகிறது. அம்மா இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாளே, அதுவரை நல்லது.

இனிதான் விஷயம். போன மாதம் நான் கடையில் ஒரு டிவி போர்டில் ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். மெலிந்த ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மூச்சு வாங்கியது. அப்பாவைப் பார்த்து, "அண்ணே, டிவியில உங்களைப் பார்த்தேன்" என்றார். அப்பா வழக்கம்போல, போட்டோதானே, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க என்றார். வந்தவர் அழுதார். "நான்தாண்ணே" என்றார்.

தம்பி, அப்பா சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. எழுந்து சுவர், விளக்கு, ஸ்பீக்கர் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தடவினார். கேமரா எங்கே வெச்சிருக்கீங்க, சொல்லுங்க, இந்தத் தடவை நானே சரியான பக்கம் திரும்பி நிக்கறேன் என்றார். வந்தவர் புருவத்துத் தழும்பைக் காட்டினார், செல்லப் பெயரைச் சொன்னார். போன தடவை வந்தவர் இதைவிட நல்லாச் சொன்னாரு என்று அப்பா ஷட்டரை இழுத்துவிட்டார்.

அவர்தான் சித்தப்பா. எனக்குச் சந்தேகமே இல்லை. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார், இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். நுரையீரல் போய்விட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார். எக்ஸ்ரேயை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இது என்ன, ஒரு பிரிண்ட் போட்டா ஆச்சு என்கிறார். அவர் எதைச் சொல்லி நிரூபிப்பார்? அப்பாவுக்குத் தெரிந்ததைச் சொன்னால் அது நீ சொல்லிக் கொடுத்தது. அப்பாவுக்குத் தெரியாததைச் சொன்னால் அது யாரோ எழுதிக் கொடுத்தது. அந்த மனிதர் வருவதற்கு ஒரு வழியையும் நீ மிச்சம் வைக்கவில்லை.

நான் அழுது கேட்டதற்கு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். போன தடவை கதையைக் கொடுத்தவன் வந்து சொல்லட்டும், இது நாங்க அனுப்பின ஆள் இல்லைன்னு அவன் வாயால சொல்லட்டும் என்றார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் நீ சொன்னால் நம்புவார் போலிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும்!

உங்கள் ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். உண்மையான தம்பி வந்திருக்கிறாராமே, ஆஸ்பத்திரியிலேயே அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்துப் படம் எடுக்கலாம், ஜனங்கள் உருகிப்போவார்கள் என்றாள். லைனைத் துண்டித்துவிட்டேன். அவளுக்கு யார் சொன்னது என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டு நீ இல்லை என்று சொன்னால், நம்புவதா வேண்டாமா என்று எனக்கே தெரியாது. பார், நானும் அப்பா மாதிரி ஆகிவிட்டேன்.

நேற்று சித்தப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கப் போயிருந்தேன். போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடிடா என்று அப்பா கேட்கிறார், ஊரே சிரிக்கிறது, மறுபடி முதலிலிருந்து வைக்கிறார். போனை எடுத்து வைத்துவிடட்டுமா சித்தப்பா என்றேன். வேண்டாம்மா, அண்ணனை இழுத்துக்கிட்டு வராதே, அவர் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டாரு, நான் இதுல பார்த்துட்டேன், எனக்கு இது போதும் என்றார்.

அவருக்குப் போதும். அப்பாவுக்குப் போதாது, தம்பி. சித்தப்பா போன பிறகு என்றைக்காவது ஒரு நாள் அப்பாவுக்கு உண்மை தெரியும். அன்றைக்கு அவரை யார் தேற்றுவது? அதனால் கடிதம் கைக்கு வந்ததும் கிளம்பு. அப்பா முன்னால் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொல், பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வா. நீ நன்றாக இரு, உன் வேலையும் நன்றாக நடக்கட்டும், நான் சபிக்கவில்லை. எப்போதும் அது வாங்கி வா, இது வாங்கி வா என்று நச்சரிப்பேனே, இந்தத் தடவை எதுவும் வேண்டாம். பை வேண்டாம், போனைக்கூட அங்கேயே வைத்துவிடு. கையை வீசிக்கொண்டு வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா