புகைபோக்கியில் அடைத்த சாக்கு

அண்ணே,

துரை பங்களாவின் புகைபோக்கிக்குள் கையை விட்டு இழுத்தேன். கரியும் தூசியுமாக ஒரு சாக்கு என் தலையில் விழுந்தது. நீ அடைத்த சாக்கு. இத்தனை வருடம் கழித்தும் அதில் ஏல வாசம் இருந்தது. நீதான் பின்னால் வந்து நிற்கிறாயோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். மலையிறங்கிப் போடியில் என் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிய பிறகும் வாசம் போகவில்லை. மனம் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

நீ கண்மூடிய பிறகு அந்த வீட்டில் பாதி மதினிக்கு, பாதி எனக்கு. மதினி இடிக்கச் சொல்கிறார். உன் மகளுக்கு மூச்சிரைப்பு. சாரல் தொடங்கிச் சுவரில் ஈரம் கசிந்தால் படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடக்கிறாள்.

"செவரு பூராம் அழுவுது. ஏத்தா, வீட்டுக்காகப் புள்ளையா, புள்ளைக்காக வீடா? நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, ஜேசிபியக் கொண்டாறச் சொல்லிர்றேன்" என்றார்.

நாம் சின்ன வயதில் ஜீப்பில் மலையேறி நம் ஏலத்தோட்டத்துக்குப் போகும்போது, மஞ்சு மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் தெரிவது அந்தப் புகைபோக்கிதான். பிறகு சரிந்த கூரை, பிறகு கருங்கல் சுவர். "தொரை அவன் ஊரு ஞாபகத்துல கட்டிப்புட்டான். இங்கன என்ன, கூரை மேல ஐஸா கொட்டுது?" என்று அப்பா சிரிப்பார். சன்னல் மாடத்தில் நீயும் நானும் எதிரெதிரே சம்மணமிட்டுத் தாயம் ஆடுவோம். சுவர் அவ்வளவு அகலம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்பும். வீட்டின் நட்டநடுவில் கணப்படுப்பு. ஒரு தீயில் இரண்டு பக்க அறையும் காயும்.

அந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? காய் உலர்த்தும் ஸ்டோரில் இடமில்லாமல், உலர்த்திய ஏலக்காய் மூட்டைகளைக் கூடத்தில் அடுக்கியிருந்தாய். தீயை அணைத்திருந்த புகைபோக்கி வழியே மஞ்சு இறங்கிவிட்டது. காலையில் ஒரு பிடி காயைக் காதருகே வைத்துக் குலுக்கினாய். உலர்ந்த காய் என்றால் விதை கலகலவென்று பேசும். அன்று பேசவில்லை. உன் முகம் செத்துப்போயிற்று. உடனே சாக்கைச் சுருட்டி அடுப்புக்கு மேலே அடைத்தாய். தகரத்தைத் தூக்கிக்கொண்டு கூரையேறி, மேல்வாயையும் மூடிக் கல்லை ஏற்றினாய்.

"அண்ணே, வீட்டுக்கு மூக்கை அடைக்கிறியா?" என்று கீழே நின்று சீண்டினேன்.

"காய்க்கு ஆவாதது வீட்டுக்கும் ஆவாது. போய் ஒஞ் சோலியப் பாரு!"

மூட்டைகள் போய்விட்டன. அடைப்பு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. பிறகுதான் சுவர் அழத் தொடங்கியது. நீ சிமெண்டு பூசினாய். அது இன்னும் அழுதது. எங்கோ ஊற்றுக்கண் திறந்திருக்கிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாய்.

இந்த முறை மலையேறிப் போனபோது சுவர்களைத் தடவிக்கொண்டே நடந்தேன். சமையலறைச் சுவர் காய்ந்திருந்தது. கூடத்துச் சுவரில் தண்ணீர் கோத்து நின்றது. அதே கல், அதே மழை. ஒன்றை ஒட்டி அடுப்பெரிகிறது, இன்னொன்றை ஒட்டி எரியவில்லை. அப்போதுதான் சாக்கை இழுத்தேன்.

அவசரத்தில் உடனே விறகை அடுக்கிப் பற்றவைத்தேன். நீ மேலே வைத்த தகரத்தை அடியோடு மறந்துவிட்டேன். புகை கூடத்துக்குள் பாய்ந்தது. உன் மகள் இருமிக்கொண்டே, "அத்தை, காயி மாதிரி என்னையும் ஒலத்தப் போறீங்களா?" என்றாள். மதினி அவளை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினார். "எளப்புப் புள்ளைக்குப் புகை போடுறியே, நீயெல்லாம் காலேசு படிச்சவளாத்தா?"

தோட்டத்து ஆள் ஒருவர் கூரையேறித் தகரத்தைத் தள்ளினார். கல் சரிந்து உருண்டது. கொஞ்சம் தயங்கி, புகை மேலே திரும்பியது. முற்றத்தில் நின்று மூவரும் அண்ணாந்து பார்த்தோம். மதினி மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இந்த ஒரு மழைக்காலம் மட்டும் தீ எரியட்டும், அதுவரை பிள்ளை என்னோடு போடியில் இருக்கட்டும் என்றேன். சுவர் காயாவிட்டால் ஜேசிபிக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். சொன்னதிலிருந்து நிம்மதி இல்லை. காயாமல் போனால்? காய்ந்தும் இவளுக்கு இரைப்பு நிற்காமல் போனால்? சாயங்காலமானால் மதினியைப் போனில் கூப்பிட்டுவிடுகிறேன்.

"எரியுது, எரியுது. செவரு அழுகை கொஞ்சம் கொறஞ்சிருக்கு. இன்னும் நிக்கல. சும்மா சும்மா போனப் போடாத."

சாக்கை எறிய மனம் வரவில்லை. அலசி, கொல்லைக் கொடியில் போட்டிருக்கிறேன். உன் மகள் மதியத்தில் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவள் நெஞ்சருகே காதை வைக்கிறேன். நீ காயைக் குலுக்கிக் கேட்டது போலத்தான். நீ கலகலப்பு கேட்க வேண்டும் என்று காத்திருப்பாய், அண்ணே. நான் எந்த இரைப்புச் சத்தமும் கேட்கக்கூடாது என்று காத்திருக்கிறேன்.