பக்கத்தில் நிற்க ஒருத்தி

இன்று காலை எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் உன் போனைச் சார்ஜரில் போட்டேன். அதற்கு உயிர் வந்ததும் வரிசையாக மிஸ்டு கால்கள். எல்லாம் முத்துலட்சுமி. நீ போன பிறகு உன் அம்மா இந்தப் போனை என் கையில் திணித்து, "நீயே வச்சுக்கோ தாயி. அடிச்சா எடுக்கவும் முடியல, எடுக்காம இருக்கவும் முடியல" என்றாள். தாராவியில் பாதி வீடுகளில் இந்த நம்பர் இருக்கிறது. வளைகுடாவில் மகனோ புருஷனோ சிக்கிக்கொண்டால் கூப்பிடுகிற நம்பர். நீ இல்லை என்று தெரிந்தும் கூப்பிடுகிறார்கள். வேறு யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் மாட்டுங்காவில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள், அவ்வளவுதான்.

கல்லூரியில் நீ என்னை "ஏட்டி, மாட்டுங்கா மகாராணி" என்றுதான் கூப்பிடுவாய். தோல் பட்டறைக்காரரின் மகளான நீ வெளியுறவுப் பணிக்குத் தேர்வானபோது உங்கள் தெருவே ஆடியது. உன் அம்மா மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "அங்க போயி என்னட்டி செய்யணும்?"

"நம்ம ஆளுவளுக்கு ஒண்ணுன்னா போயி நிக்கணும்மா."

"அதுக்கா இம்புட்டுப் படிச்ச? அத நான் இந்தத் தெருவுல சும்மாவே செய்யுதேனே!"

நீ சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழப் பார்த்தாய்.

பிறகுதான் அந்த வேலை என்னவென்று எனக்கும் புரிந்தது. ஒருநாள் வளைகுடாவிலிருந்து, அந்த நாட்டு அமைச்சகம் ஏதோ ஒன்றின் வரவேற்பறையிலிருந்து போன் செய்தாய். சிறையில் இருந்த நம் ஆட்கள் சிலரைப் பார்க்க அனுமதி கேட்டுப் போயிருந்தாய். "பெரிய நாட்டுக்காரன் வந்தா கதவு தன்னால தெறக்குதுட்டி. நமக்கு டீ மட்டும் வருது. மூணாவது டீ குடிச்சிட்டிருக்கேன்" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. கேட்கிற இடத்தில் நிற்கும் நாட்டுக்காக வேலை செய்கிறவள், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உன் கணக்கு. மறுநாளும் போனாய்.

நீ சொன்னவற்றில் என்னை விட்டுப் போகாதது அந்தப் பாலைவன மயானம்தான். ஊருக்கு அனுப்ப முடியாத உடல்களை அங்கேயே அடக்கம் செய்வார்கள். யாரையாவது அனுப்பினால் போதும் என்றுதான் விதி. நீயே போனாய், ஒவ்வொரு தடவையும். "நம்மூர்ல பொம்பளைய தெருமுனையோட நிப்பாட்டிருவானுவ. இங்க என்ன விட்டா ஆளே கெடையாது. நான்தான் மண்ணள்ளிப் போடுதேன்" என்றாய். முடிந்ததும் அந்த வீட்டுக்கு நீயே போன் செய்வாய். எழுத்தரிடம் விடமாட்டாய். "நான் பக்கத்துல நின்னேன்" என்பாய். அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீடுகளில் அழுகை வெடிக்குமாம். அழுத பிறகுதான் அடுப்பு எரியுமாம்.

விடுப்பில் வந்த நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். நானும் உன் அம்மாவும் தெருமுனையில் நின்றோம். "ஊரான் பிள்ளைக்கெல்லாம் போயி நின்னாளே, இவளுக்குப் போயி நிக்க எனக்கு வழியில்லையே" என்று அவள் சொன்னாள். அந்தக் குரலோடுதான் இப்போதும் நான் ரயிலேறுகிறேன், இறங்குகிறேன்.

முத்துலட்சுமியின் கதை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. அவள் புருஷன் இசக்கி அங்கே கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். கம்பெனி மீது வழக்கு என்று மாதக்கணக்கில் உடலைப் பிணவறையிலேயே வைத்துவிட்டார்கள். இப்போது விமானத்தில் அனுப்பும் நிலையில் அது இல்லையாம். மனைவி ஒப்புதல் கொடுத்தால் அங்கேயே அடக்கம். இசக்கியின் அண்ணன் நேற்று அவளோடு வந்து என் வீட்டு வாசலில் நின்று கத்தினார்.

"ஒடம்பு வராம என்ன காரியம் செய்யச் சொல்லுதீய? ஒங்க வீட்டு ஆளுன்னா இப்படிச் சொல்வீயளா?"

"மச்சான், அக்காவ ஏன் ஏசுதீய?" என்றாள் முத்துலட்சுமி. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வேலை பார்க்கிற வீடுகளில் பாத்திரம் தேய்க்கும்போது மயங்கி விழுகிறாள். ஒரு வாய் டீதான் இறங்குகிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் கையெழுத்துப் போட்டா, அங்க ஆராவது அவுகளுக்குப் பக்கத்துல நிப்பாவளா அக்கா? முன்னால ஒங்க சிநேகிதி நிப்பாவளாமே."

விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். இன்று காலை, மிஸ்டு கால்களைப் பார்த்த கையோடு தூதரகத்தில் உன் இடத்துக்கு வந்திருக்கிறவரிடம் பேசினேன். மரியாதையான பையன். இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "மேடம், இத்தனை ஆயிரம் பேருக்கு நாங்கள் நான்கு பேர். அடக்கத்துக்கு ஆள் அனுப்ப முடியவில்லை. வண்டி ஓட்டுபவர் கொண்டுபோய் ஒப்படைப்பார். முறைப்படி நடக்கும்." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்கவில்லை.

நீ எந்த வீட்டுக்கும் பொய் சொன்னதில்லை. பிழைக்காதவனைப் பிழைப்பான் என்றோ, வராத உடலை வரும் என்றோ நீ சொன்னதே கிடையாது. "நம்ம கையில குடுக்க வேற ஒண்ணுமில்லட்டி, நெசத்தையாவது குடுப்போம்" என்பாய். உன்னால் முடிந்தது. உனக்குப் போய் நிற்கக் கால் இருந்தது, நின்றாய், நின்றேன் என்றாய். எனக்கு அந்த ஊரில் நிற்க ஒரு பிடி மண் இல்லை. இங்கேயோ கண்ணெதிரே ஒருத்தி சாப்பிடாமல் கரைந்துகொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வேலை முடிந்து அவள் வருவாள். நான் செய்யப்போவதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. கையெழுத்துப் போடு என்று சொல்வேன். ஆமாம், ஒருத்தி நிற்பாள் என்பேன். நம் ஊர்ப்பக்கத்துக்காரிதான், திருநெல்வேலிப் பேச்சு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பாள், மண்ணள்ளிப் போடுவாள் என்பேன். அடக்கம் முடிந்த அன்று முத்துலட்சுமியின் வீட்டுக்கு நானே போய், அந்தப் பெண் இசக்கிக்குப் பக்கத்தில் நின்றாளாம் என்று கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவள் அழுது முடிக்கும்வரை இருந்து, சோறு பொங்கிப் போட்டுவிட்டு வருவேன்.