ஜாரியாக்காரன் முதுகில் கானோ

கானோ,
ஏப்ரல் பன்னிரண்டு

அன்பு மகன் லபரானுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நாங்கள் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து நலமாக இருக்கிறோம், வின்னிபெக் பனியில் நீ விறைத்துப் போகாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இங்கே பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மத்தான் காற்றின் தூசி ஒருவழியாகப் போனது, அதன் இடத்தில் வெயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, மே கடைசிக்கு முன் மழையைப் பார்க்க முடியாது, அதுவரை வாப்பாவின் தலையில் ஈரத்துண்டுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கை அசபேயைப் பெண் கேட்டு ஜாரியாவிலிருந்து தனிமு என்ற பையனும் அவன் சித்தப்பாவும் வந்தார்கள். பையன் கணக்கு வாத்தியார், குனிந்த தலை நிமிரவில்லை. நமக்கும் ஜாரியாக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி உறவு, முதலில் கோபப்படுகிறவர் தோற்றவர் என்பது உனக்குத் தெரியாததா. வாப்பா ஆரம்பித்தார், "எங்களுது ஆயிரம் வருஷத்து ஊரு. தாலா குன்றுல இரும்பு உருக்குனவங்க வழியில வந்தவங்க நாங்க. உங்க ஊர்ல கரும்பை விட்டா என்னய்யா இருக்கு?" சித்தப்பா விடுவாரா, "எங்க அமினா ராணி குதிரையில வந்து உங்க ஊரப் புடிச்சப்ப அந்த இரும்பையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவுக்கு மட்டும் சிரிப்பு உதடுவரை வந்து திரும்பிப் போனது. அசபேயை வெளியூர் அனுப்ப மனமில்லாத மனிதருக்கு ஒரு சாக்குக் கிடைத்தது, "பையன் என்கூட தாலா ஏறட்டும், பொறவு பேசலாம்" என்று எழுந்துவிட்டார். அடுப்படியில் அசபே முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கோழிகூட நிழலை விட்டு நகராத மத்தியானத்தில் இருவரும் போனார்கள். வாப்பா படிக்கு ஒரு அரசர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினாராம். உச்சியில் நின்று மண்மதில் ஓடிய வழி, சாயக் குழிகள், அவர் சின்ன வயதில் கடலை மூட்டைகளைக் கோபுரமாக அடுக்கிய இடம், ஒன்றையும் விடவில்லையாம். இறங்கும்போது வாப்பாவுக்குக் கால் பிசகிவிட்டது. மாமனாராகப் போகிறவர் முகத்தைப் பார்க்கவே கூச வேண்டிய பையன், பாவம், முதுகில் தூக்கிக்கொண்டு குர்மி சந்தை வழியாக நடந்தே வந்தான். நம் ஊர்க்காரர்கள் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, "கானோ ஜாரியா மேல சவாரி போவுது, வழி விடுங்கப்பா" என்று துணிக்கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு எழுந்து நின்றார்களாம். ஒருவர், "அண்ணே, வாடகை பேசிட்டுத்தானே ஏறினீங்க? ஊரு மானத்த வாங்கிடாதீங்க" என்றிருக்கிறார். வாப்பா மேலே இருந்தபடியே, "பேசியாச்சு, எம் பொண்ணையே குடுக்குறேன்" என்றாராம். சந்தையில் நூறு பேர் முன்னால் கானோக்காரன் சொன்ன சொல், இனி யார் மாற்றுவது. அசபே சிரித்ததில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

சாயங்காலம் நான் எண்ணெய் தேய்க்க வந்தபோது வலது காலை நீட்டினார். தொழுகைக்குப் போகும்போது பார்க்கிறேன், இடது காலை நொண்டுகிறார். கேட்டதற்கு, "பாதி வழியில எறக்கி விடுவான், அதையே சொல்லி வேண்டாம்னுடலாம்னு பாத்தேன். பாவிப்பய, விடல" என்றார்.

மழைக்காலம் முடிந்ததும் நிக்காஹ், நீ கட்டாயம் வர வேண்டும். காலுறையை இரண்டு ஜோடியாகப் போட்டுக்கொள். வாப்பாவோடு பேசும்போது, எந்தக் கால் என்று மட்டும் கேட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல பசியையும் தரட்டும்.

உன் உம்மா,
லாரை