பத்து தடவை காற்று பார்த்த வேன்காரர்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். டயர்க் கடைக்குப் புது ஷட்டர் போட்டாயிற்று, ஏற்றினால் தெருவுக்கே கேட்கிறது. உன் அண்ணன் பஞ்சர் வேலையைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறான், வாய் மட்டும் குறையவில்லை. போன வாரம் நீ போனில் அழுதாயே, மூச்சு தானாக வரவே மாட்டேங்குதுப்பா, ஒவ்வொண்ணையும் நானே இழுத்து விடுறேன், மறந்தா நின்னுடும் போல இருக்கு, ஆபீசில் ஒரு வரி படிக்க முடியலை, வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்று. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காக மூச்சு விடவில்லை. எனக்கே தொற்றிக்கொண்டது. கல்லாவில் உட்கார்ந்தால் இழுப்பது போதுமா போதாதா என்று ஒரே யோசனை. பலமாக இழுத்துப் பார்த்தேன், தலை சுற்றியது. உன் அண்ணன் பார்த்துவிட்டு, என்னப்பா, டியூபுக்கு வாயாலேயே காத்தடிக்கப் போறீங்களா என்கிறான்.

முந்தாநாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வந்து, நீங்க போட்ட டயர்ல காத்து நிக்கவே மாட்டேங்குது, ஏமாத்திட்டீங்களேண்ணே என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம், ஒரு குமிழி வரவில்லை. வால்வும் சரியாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு பார்த்தால் மனுஷன் சட்டைப்பையில் காற்று பார்க்கிற மீட்டர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்ப்பீங்க என்றேன். பத்து தடவை இருக்கும்ணே, பிள்ளைங்க வண்டியாச்சே, பயமா இருக்காதா என்றார். மீட்டரை வால்வில் வைக்கும்போதெல்லாம் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று வெளியே போகும். ஓட்டை எதுவும் இல்லை, பார்த்துப் பார்த்தே காற்றை இறக்கியிருக்கிறார். மீட்டரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு நாள் வாங்க, நானே பார்த்துத் தர்றேன் என்று அனுப்பிவிட்டேன்.

அவர் போனதும் எனக்குச் சுருக்கென்றது. காலையில் அம்மா, மத்தியானம் நான், சாயங்காலம் அண்ணன் என்று ஆளுக்கொரு மீட்டரோடு உனக்குப் போன் பண்ணி, மூச்சு எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீ பேசாமல் இருந்தபோது உன் மூச்சுச் சத்தத்தை நான் ஒட்டுக் கேட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் படமெடுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார், நாங்கள்தான் நம்பவில்லை. இனிமேல் கேட்க மாட்டோம். அம்மாவுக்குத்தான் கஷ்டம், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். நீயும் எண்ணுவது, அடக்கிப் பார்ப்பது, இழுத்துச் சோதிப்பது எல்லாவற்றையும் விட்டுப் பார். நினைப்பு வந்தால் வரட்டும், விரட்டாதே, வாங்கவும் மாட்டார் போகவும் மாட்டார் என்கிற ஆளைக் கடையில் நிற்க விடுவதில்லையா, அது போல நிற்கட்டும், நீ உன் காரியத்தைப் பார். வேலையை விடுவது உன் இஷ்டம், உன் அறை அப்படியே இருக்கிறது, ஆனால் இதற்காக விடாதே, இது டிக்கெட் வாங்காமல் உன்னோடேயே வந்து இறங்கிவிடும். மனநல டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமை என்றாயே, மழை வெயில் என்று தள்ளிப்போடாதே, நான் சொல்வது டயர்க்காரன் புத்தி, அவர் படித்தவர்.

இதை எழுத உட்கார்ந்தபோது என் ஒவ்வொரு மூச்சும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு லாரிக்காரர் வந்து, நான் பழைய டயரைப் புதுசென்று தள்ளிவிடப் பார்க்கிறேன் என்றார், அரை மணி நேரம் இரண்டு பேரும் கத்தினோம். திரும்ப வந்து பேனாவை எடுத்த பிறகுதான் மூச்சு ஞாபகம் வந்தது. அந்த அரை மணி நேரம் எனக்காக யாரம்மா மூச்சு விட்டது?

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அம்மாவின் முழங்காலைப் பற்றிப் பேசுவோம்.

இப்படிக்கு,
வேன்காரரின் மீட்டரை மேஜைக்குள் பூட்டி வைத்திருக்கும்
உன் அப்பா