அம்மா குத்திக்கொண்ட காலி ஊசி

அண்ணா,

அம்மாவின் சர்க்கரை ஊசியை இனி நீ தொடக் கூடாது. உன்னிடம் இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

அது உடம்பையும் இளைக்க வைக்கும் என்று, உன் கல்யாண போட்டோவில் ஒல்லியாகத் தெரிய வாராவாரம் நீ அதைப் போட்டுக்கொள்கிறாய். அம்மாவோ காலி ஊசியை வயிற்றில் வைத்து என்னை ஏமாற்றியிருக்கிறாள். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் மருந்தைக் கூட்டினார். இறங்கியது உன் தொப்பை. தூ!

"படிச்ச திமிர்" என்பாய். ஆமாம், மருந்துச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று படிக்கத் தெரிந்த திமிர்.

சோறு அடுப்பு மேல் இருக்கிறது. நீயே போட்டுத் தின்னு.

பி.கு: ஃபிரிட்ஜில் தேடாதே, ஊசி என் பையில். "பாவம்டி அவன்" என்று அழுதுகொண்டே அம்மா செருப்பு மாட்டுகிறாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அம்மா இனி என்னோடுதான். கிளம்பிவிட்டோம்.